ஒரு தடவை துணி துவைக்க எவ்வளவு செலவு? கரன்ட் பில்லில் வராத 125 ரூபாய்



கரன்ட் பில்லைக் குறைக்கிறது பத்தி சேனல்ல வீடியோ போட்டதிலிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருது. "வாஷிங் மெஷின் ஒரு தடவை ஓடினா எத்தனை யூனிட் இழுக்கும் சார்?" பதில் சிம்பிள். வெந்நீர் இல்லாம ஓட்டினா அரை யூனிட்கூடப் பெரும்பாலும் ஆகாது. வெந்நீர் வெச்சா ஒரு யூனிட் பக்கம் வரலாம். அவ்வளவுதான்.

ஆனா ஒரு சி.ஏ.வா என்னைக் கேட்டா, நீங்க பில்லோட தப்பான வரியைப் பார்த்துக்கிட்டிருக்கீங்கன்னு சொல்வேன். துணி துவைக்கிறதுல பெரிய செலவு கரன்ட் இல்ல. சோப்புத்தூள் இல்ல. மெஷினும் இல்ல. உள்ள போற துணிதான்.

நம்பலையா? என் வீட்டுக் கணக்கையே எடுத்துக்குவோம். நான், மனைவி, அம்மா, யூ.கே.ஜி. படிக்கிற பொண்ணு, மொத்தம் நாலு பேர். 7 கிலோ ஃப்ரன்ட் லோட் மெஷின், 2021-ல் 28,500 ரூபாய்க்கு வாங்கினது. வாரத்துக்கு நாலு தடவை ஓடும், வருஷத்துக்குச் சுமார் 200 தடவை. பத்து வருஷம் உழைக்கும்னு வெச்சா, ஒரு தடவைக்கு மெஷின் செலவு 14 ரூபாய். கரன்ட் 6 ரூபாய். லிக்விட் 12 ரூபாய். ஆக மொத்தம் 32 ரூபாய். எல்லாரும் இங்கேயே கணக்கை மூடிடுறோம்.

இப்போ உள்ள என்ன போகுதுன்னு பாருங்க. ஒரு தடவைக்கு ஏறக்குறைய 20 துணி. சட்டை, சுடிதார், நைட்டி, துண்டு, குழந்தை ஃபிராக், உள்ளாடைன்னு எல்லாம் கலந்து சராசரியா ஒண்ணு 500 ரூபாய்னு வைங்க. ஒரு துணி 80 தடவை துவைக்கிற வரை தாங்கும்னு எடுத்துக்கிட்டா, ஒவ்வொரு தடவையும் ஒரு துணியில 6 ரூபாய் 25 பைசா கரைஞ்சு போகுது. 20 துணிக்கு 125 ரூபாய்.

32 ரூபாய் கண்ணுக்குத் தெரியுது. 125 ரூபாய் தெரியல. மொத்தச் செலவுல கிட்டத்தட்ட 80 சதவீதம் எந்த பில்லிலும் வர்றதில்ல.

80 தடவைங்கிறது என்னோட எஸ்டிமேட், உங்க வீட்ல அது மாறும். போட்டுக்கிட்டு உட்கார்ந்து எழுந்திருக்கிறதுலயும், வெயில்ல காயுறதுலயும் துணி தேயத்தான் செய்யும், எல்லாப் பழியையும் மெஷின் மேல போட முடியாது. ஆனா கணக்கை எப்படி மாத்திப் போட்டாலும் துணி வரிதான் பெருசா வரும். நீங்களே போட்டுப் பாருங்க.

டிப்ரிசியேஷனுக்கு நாங்க தமிழ்ல சொல்ற வார்த்தை தேய்மானம். மத்த சொத்துக்களுக்கு அது ஒரு கணக்கு வழக்கு. துணிக்கு மட்டும் நிஜமாவே தேய்மானம்தான். மெஷின்ல லிண்ட் ஃபில்டர்னு ஒண்ணு இருக்கே, அதைத் திறந்தா சாம்பல் கலர்ல பஞ்சு மாதிரி வரும். அதை அழுக்குன்னு நினைச்சுத் தூக்கிப் போடுறோம். அழுக்குத் தண்ணியோட எப்பவோ போயிடுச்சு. கையில இருக்கிறதுல பெரும்பகுதி உங்க சட்டையோட நூல்.

ஒரு ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து, ஆடிட்ல ஸ்டாக் எண்ணுற மாதிரியே எண்ணினேன். மெஷினுக்குள்ள வழக்கமா போய் வர்ற துணி எல்லாத்தையும் இன்னைக்குத் திரும்ப வாங்கணும்னா 1,16,000 ரூபாய் வருது. மனைவி சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல. மெஷினைப் போல நாலு மடங்கு மதிப்புள்ள சொத்தை அதுக்குள்ள போட்டுச் சுத்துறோம். மெஷின் வாங்கும்போது 3,200 ரூபாய்க்கு எக்ஸ்டெண்டட் வாரன்ட்டி வாங்கினேன். அந்த கார்டைப் படிச்சா, மோட்டாருக்கு கவர் இருக்கு, போர்டுக்கு இருக்கு. துணிக்கு ஒரு வரிகூட இல்ல.

சட்டமும் துணியைச் சொத்தா மதிக்கிறதில்லைங்கிறது வேற விஷயம். வருமான வரிச் சட்டத்துல, கேபிடல் அசெட் என்றால் என்னன்னு சொல்ற பிரிவு, சொந்த உபயோகத்துக்கு வெச்சிருக்கிற உடுப்புகளைப் பேர் சொல்லியே வெளியே தள்ளிடுது. நகைக்கு அந்த விலக்கு கிடையாது. அதனால உங்க பொண்டாட்டியோட வளையலை வித்து நஷ்டம் வந்தா கேபிடல் லாஸ் கணக்குல வரும். புடவை நாசமானா வராது. அந்த நஷ்டம் முழுக்க உங்களோடது.

எனக்கு இது எப்படிப் புரிஞ்சதுன்னா

அம்மாகிட்ட ஒரு சுங்குடிப் புடவை இருந்தது. மதுரையில வாங்கினது, கருநீலம், மெரூன் பார்டர். அதிக விலை இல்ல. ஆனா ரிட்டயர் ஆன மாசம் தன் காசுல தனக்குன்னு வாங்கினது. அதைத் தனி பக்கெட்ல போட்டு, "இது சாயம் போகும்டா, நான் அப்புறம் அலசிக்கிறேன்"னு சொல்லி வெச்சிருந்தாங்க.

அந்த வாரம் வீட்ல எல்லாருக்கும் காய்ச்சல். கிருமி சாகணும்னு எனக்கு ஒரு வேகம். ரெண்டு பக்கெட்டையும் ஒண்ணா மெஷின்ல கொட்டி, 60 டிகிரி வெச்சு, ஸ்பின் 1200 வெச்சு, லேப்டாப் முன்னாடி போய் உட்கார்ந்துட்டேன். ரெண்டரை மணி நேரம் கழிச்சுத் திறந்தா, புடவையில மடிப்பு விழுந்த இடமெல்லாம் வெளிறின கோடு. என்னோட நாலு வெள்ளைச் சட்டையும் ஊதா. புடவை ஃபால்ஸ் சுருங்கி, ஓரம் படகு மாதிரி வளைஞ்சு நின்னுது.

அம்மா திட்டல. "பரவால்லடா, பழசுதானே"ன்னாங்க.

அதுக்கப்புறம் ரெண்டு மூணு மாசமா துவைக்கிற துணியில அம்மாவோட புடவை ஒண்ணுகூட வரலைன்னு நான் கவனிக்கவே இல்ல. காலையில அஞ்சரை மணிக்கு, நாங்க யாரும் எழுந்திருக்கிறதுக்கு முன்னாடி, பாத்ரூம்ல உட்கார்ந்து கையால அலசிப் பிழிஞ்சு மொட்டை மாடியில காயப் போட்டிருக்காங்க. மணிக்கட்டு வலின்னு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனப்போதான் தெரிஞ்சது. "ஈரத் துணி முறுக்கிப் பிழியறீங்களா?"ன்னு அவர் கேட்டார். அம்மா என்னைப் பார்க்காம தலையாட்டினாங்க. டாக்டர் ஃபீஸ், பிசியோதெரபி எல்லாம் சேர்த்து 6,400 ரூபாய் ஆச்சு.

நாலு சட்டை, ஒரு புடவை, 6,400 ரூபாய். இதுல எதுவும் கரன்ட் பில்லில் வரல.

அதனாலதான், "எல்லாத்தையும் கையால துவைங்க, துணி நல்லா உழைக்கும்"னு யாராவது சொன்னா எனக்குக் கோபம் வரும். கையால துவைக்கிறது இலவசம் இல்ல. அந்தக் கை யாரோடதுன்னு முதல்ல கேளுங்க. மெஷின் வேணும், அதுவும் அம்மா நம்பிக் கொடுக்கிற மாதிரி ஓட்டணும். இதுக்குப் புது மெஷின் தேவையில்ல. இருக்கிற மெஷின்ல நாலஞ்சு பட்டனைச் சரியா அழுத்தினா போதும்ங்கிறதுதான் என் கட்சி.

பட்டன்களைப் பார்ப்போம்

முதல்ல சூடு. மெஷின்ல 30, 40, 60-ன்னு இருக்கிற நம்பரெல்லாம் குழாய்த் தண்ணி ஜில்லுன்னு வர்ற ஊர்களுக்காக உருவானது. சென்னையில குழாயைத் திறந்தாலே தண்ணி 28, 30 டிகிரியில வருது. சட்டை லேபிள்ல "30 டிகிரி"ன்னு போட்டிருந்தா, நம்ம ஊர்ல அது பச்சைத் தண்ணிதான். சூடு பட்டனையே தொட வேண்டாம். இன்னொரு விஷயம் நிறைய பேர் யோசிக்கிறதில்ல. மே மாசம் மதியம் ரெண்டு மணிக்கு மொட்டை மாடி டேங்க் தண்ணியில கை வெச்சுப் பாருங்க. நீங்க 'கோல்ட்'னு அழுத்தினாலும் உள்ள போறது நல்ல வெந்நீர். சாயம் போற துணி, எலாஸ்டிக் வெச்ச லெகிங்ஸ், உள்ளாடை இதையெல்லாம் கோடையில காலையிலேயே துவைச்சு முடிச்சிடுங்க. சூட்டுல எலாஸ்டிக் சீக்கிரம் தளர்ந்து போகும்.

60 டிகிரி எதுக்கு? துண்டு, பெட்ஷீட், உடம்பு சரியில்லாதவங்க படுத்த விரிப்பு, இந்த மாதிரி கெட்டியான வெள்ளைக் காட்டனுக்கு. நான் அன்னைக்கு வெச்ச சூடு தப்பில்ல, வெச்ச துணிதான் தப்பு.

அடுத்தது ஸ்பின். என்னைக் கேட்டா, நம்ம ஊர்ல பெரிய வீண் செலவு இந்த 1200, 1400 தான். கடையில அதைப் பெருமையா சொல்லி விப்பாங்க. கொஞ்சம் ஃபிசிக்ஸ் பார்ப்போம், பயப்படாதீங்க. 1200 வேகத்துல சுத்துற டிரம்ல, துணி தன் எடையைப் போல 350 மடங்குக்கு மேல அழுத்தத்தோட ஓட்டை போட்ட ஸ்டீல் சுவத்துல ஒட்டிக்கிட்டு நிக்குது. வேகத்தைப் பாதியாக்கி 600 வெச்சா அழுத்தம் பாதியாகாது, கால் பங்காயிடும். வெயிலே இல்லாத ஊர்ல, வீட்டுக்குள்ள துணி காயப் போடுறவங்களுக்கு 1400 தேவை. ஏப்ரல் மாசம் சென்னை மொட்டை மாடியில போட்டா ரெண்டு மணி நேரத்துல மொறுமொறுன்னு காயுற சட்டைக்கு எதுக்குங்க 1400? நான் சட்டைக்கு 600, மெல்லிசு துணிக்கு 400, துண்டு, ஜீன்ஸுக்கு 1000 வெக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில மட்டும் ஒரு படி ஏத்திக்குவேன்.

ஸ்பின் குறைச்சதை முதல்ல கண்டுபிடிச்சது வீட்ல யாரும் இல்ல, எங்க தெரு இஸ்திரி அண்ணன்தான். "என்ன சார், இப்பல்லாம் சட்டை சுருக்கம் கம்மியா வருது, காலர் ஓரமும் நையாம இருக்கு, மெஷின் மாத்திட்டீங்களா?"ன்னு கேட்டார். துணி எப்படித் தேயுதுன்னு ஒரு இஸ்திரிக்காரருக்குத் தெரியற அளவு மெஷின் விக்கிறவருக்குத் தெரியாது. உங்க தெருவுல இருக்கிறவர்கிட்ட ஒரு நாள் பேசிப் பாருங்க.

மூணாவது, எவ்வளவு போடுறோம்ங்கிறது. மெஷின்ல "7 கிலோ"ன்னு ஒட்டியிருக்கே, அது காய்ஞ்ச துணியோட எடை, அதுவும் காட்டன் புரோகிராமுக்கு மட்டும். மத்த புரோகிராமுக்கெல்லாம் அளவு குறையும். என் மெஷின் மேனுவல்ல டெலிகேட்டுக்கு 2.5 கிலோ, குவிக் வாஷுக்கு 2 கிலோன்னு போட்டிருக்கு. குவிக் வாஷ்ல அஞ்சு கிலோவை அமுக்கி அமுக்கித் திணிச்ச ஆளு நான்.

திணிச்சா என்ன ஆகும்? ஃப்ரன்ட் லோட் மெஷின் வேலை செய்யற விதமே வண்ணான்துறை கல்லு மாதிரிதான். துணியை மேல தூக்கிக் கீழே போடும். அந்த விழுறதுலதான் அழுக்குப் போகுது. விழ இடமே இல்லைன்னா, துணி ஒண்ணோட ஒண்ணு உரசிக்கிட்டே கிடக்கும். அழுக்கும் போகாது, நூலும் திரண்டு உருண்டை உருண்டையா நிக்கும். துணி போட்ட பிறகு மேல ஒரு கை அகலம் இடம் இருக்கான்னு பாருங்க, அது போதும். டாப் லோட்ல கதை வேற. அங்க தண்ணிதான் துணிக்குக் குஷன். தண்ணி மிச்சம் பிடிக்கிறேன்னு லெவலைக் குறைச்சு வெச்சா, அடியில சுத்துற பல்சேட்டர் துணியைத் திருகி, சட்டைக் கையும் துப்பட்டாவும் சடை பின்னி வெளியே வரும். அதைப் பிரிக்க நாம இழுக்கிற இழுப்புல பாதித் தையல் போயிடும். புடவை, துப்பட்டா போட்டா தண்ணி லெவலை ஒரு படி ஏத்துங்க.

செமி ஆட்டோமேட்டிக் வெச்சிருக்கிறவங்க நிறைய பேர் இருப்பீங்க. உங்களுக்கு ஒரே ஒரு விஷயம். ஸ்பின் டப்ல துணி மேல வட்டமா ஒரு பிளாஸ்டிக் தட்டு வெக்கணும். அது எங்கேயோ தொலைஞ்சு போய் ரெண்டு வருஷம் ஆகியிருக்கும். அது இல்லாம சுத்தினா, மேல இருக்கிற துணி எழும்பி டப்புக்கு வெளியே வந்து மாட்டிக்கும். கிழிஞ்சே வரும். சர்வீஸ் சென்டர்ல கேட்டா சின்ன விலைக்குக் கிடைக்கிற பொருள் அது.

சோப்பு விஷயத்துல நமக்கு ஒரு மூடநம்பிக்கை இருக்கு. நுரை வந்தாதான் துவைச்ச மாதிரி. மடிப்பாக்கத்துல எங்க அபார்ட்மென்ட் போர்வெல் தண்ணி உப்பு, சோப்பு சரியா நுரைக்காது. அதனால இன்னொரு மூடி, இன்னொரு மூடின்னு ஊத்துவேன். கடினத் தண்ணியில கால்சியம், மெக்னீசியம் சோப்போட சேர்ந்து கொஞ்சம் வேலையைக் கெடுக்கும்ங்கிறது உண்மைதான். அதுக்காக இஷ்டத்துக்கு ஊத்தினா, அலசலில் போகாத மிச்சம் நூலுக்குள்ளேயே தங்கிடும். வெள்ளைச் சட்டை சாம்பலாகுறது, துண்டு அட்டை மாதிரி விறைக்கிறது எல்லாம் இதனால வர்றதுதான். உடனே நாம என்ன பண்றோம்? விறைப்புப் போக கம்ஃபர்ட் மாதிரி சாஃப்ட்னர் வாங்கி ஊத்துறோம். அது துண்டு மேல படிஞ்சு, துண்டு தண்ணியையே உறிஞ்சாது. ஒரு செலவு பண்ணின கெடுதலை மறைக்க இன்னொரு செலவு.

இதை உங்க வீட்லயே டெஸ்ட் பண்ணலாம். துவைச்சுக் காய்ஞ்ச துண்டு ஒண்ணை எடுத்து, சுத்தமான தண்ணி இருக்கிற பக்கெட்ல போட்டுக் கலக்குங்க. நுரை வந்தா, அது போன வாரம் நீங்க காசு கொடுத்து வாங்கின சோப்பு. எங்க வீட்ல நல்லாவே வந்தது. இப்போ அளவை மூணுல ரெண்டு பங்காக்கிட்டு, வெள்ளைத் துணிக்கு மட்டும் ஒரு தடவை கூடுதலா அலசவிடுறேன். பட்டு, கம்பளிக்குச் சாதாரண சோப்பே வேண்டாம். ரெண்டும் புரோட்டீன் நூல். கறை எடுக்கறதுக்காகப் பல சோப்புல சேர்க்கிற என்சைம், முட்டைக் கறையையும் பட்டையும் பிரிச்சுப் பார்க்காது.

அப்புறம் ஊக்கு. நம்ம ஊர் வீட்டு மெஷினுக்கே உரிய வில்லன். புடவை முந்தானையில குத்தின ஊக்கைக் கழட்டாம கூடையில போட்டுடுவாங்க. அது மெஷின்ல கழண்டு, ஃப்ரன்ட் லோட் கதவைச் சுத்தியிருக்கிற ரப்பர் மடிப்புக்குள்ள போய் உட்கார்ந்துக்கும். அதுக்கப்புறம் மாசக்கணக்கா, பனியன்ல ஏன் குண்டூசி அளவு ஓட்டை வருதுன்னு தெரியாம பனியன் கம்பெனியைத் திட்டுவோம். அந்த ரப்பரை விரல்ல விரிச்சு ஒரு தடவை தடவிப் பாருங்க. எனக்கு ரெண்டு ஊக்கு, ஒரு பிரா கொக்கி, ஒரு அஞ்சு ரூபாய் நாணயம், பொண்ணோட ஹேர் கிளிப் கிடைச்சது. ஜிப்பை மூடிப் போடணும், சட்டை பட்டனைத் திறந்து போடணும். நிறைய பேர் தலைகீழா பண்றோம். பட்டன் போட்ட சட்டை சுத்தும்போது இழுப்பு எல்லாம் பட்டன் ஓட்டையில விழும். பிரா, குழந்தை சாக்ஸ், மெல்லிசு துப்பட்டாவுக்கு வலைப்பை. 100, 150 ரூபாய்க்குக் கிடைக்கும். இந்தக் கட்டுரையில நான் உங்களைச் செலவு பண்ணச் சொல்ற ஒரே பொருள் அதுதான்.

சாயத்துக்கு ஒரு வார்த்தை. புதுத் துணியை உப்புத் தண்ணியில ஊற வெச்சா சாயம் நிலைச்சிடும்னு நம்பி மெஷின்ல போட்டுடாதீங்க. மேலாக ஒட்டியிருக்கிற சாயம் கொஞ்சம் வெளியேறும், அதுக்கு மேல கேரன்ட்டி கிடையாது. வெள்ளைக் கைக்குட்டையை நனைச்சு, துணியோட உள்பக்க ஓரத்துல நல்லா அழுத்தித் தேய்ங்க. கைக்குட்டையில கலர் வந்தா அந்தத் துணி தனி. அரை நிமிஷ வேலை. நான் அன்னைக்கு அதைப் பண்ணியிருக்கலாம்.

துவைக்காத துணி தேயாது

இதெல்லாம் விட பெரிய மிச்சம், துவைக்கிற எண்ணிக்கையைக் குறைக்கிறதுலதான் இருக்கு. நம்ம வெயில்ல சட்டை, உள்ளாடை, சாக்ஸ் ஒரு தடவைக்கு மேல போட முடியாது, அதுல பேச்சே இல்ல. ஆனா ஏ.சி. ஆபீஸுக்குப் போட்டுப் போன ஜீன்ஸ்? கல்யாண ரிசப்ஷனுக்கு ரெண்டு மணி நேரம் போட்ட சுடிதார்? சாயங்காலம் கடைக்குப் போட்டுப் போன டி-ஷர்ட்டைக்கூட நேரா கூடையில போடுறோம். காத்தாடப் போட்டு இன்னொரு தடவை போடலாம். எங்க அம்மா இதை ஒத்துக்கவே மாட்டாங்க. "கட்டினதைக் கட்டுறதாவது"ன்னு ஒரு பார்வை பார்ப்பாங்க. அவங்களோட இந்த விஷயத்துல நான் வாதாடுறதில்ல. என் ஜீன்ஸுக்கு மட்டும் அமல்படுத்திட்டேன்.

சரி, இதையெல்லாம் பண்ணினா எவ்வளவு மிச்சம்? துணி 80 தடவைக்குப் பதிலா 120 தடவை தாங்கினா, ஒரு தடவைக்கு 125 ரூபாய் 83 ரூபாய் ஆகும். வருஷத்துக்கு 200 தடவைன்னா 8,300 ரூபாய்க்கு மேல. மாசம் 700 ரூபாய். ஃபைனான்ஸ் சேனல் வெச்சுக்கிட்டு எஸ்.ஐ.பி. சொல்லாம விட முடியுமா? மாசம் 700 ரூபாய், 10 சதவீதம் வருமானம்னு எடுத்துக்கிட்டா, பத்து வருஷத்துல சுமார் 1.4 லட்சம். அதே சமயம், கரன்டை முழுசா பாதியாக்கினாலும் என் வீட்ல வருஷத்துக்கு 600 ரூபாய்தான் மிஞ்சும். எதைப் பத்தி நாம அதிகமா கவலைப்படுறோம்னு யோசிச்சுப் பாருங்க.

ஆனா ஒரு எச்சரிக்கை. சட்டை இன்னும் நல்லாத்தான் இருக்கு, ஆனாலும் ஆடித் தள்ளுபடின்னு நாலு வாங்கினா, இந்த 8,300 பேப்பர்லதான் இருக்கும். துணி அதிக நாள் உழைக்கிறது உங்க கையில பாதிதான். வாங்காம இருக்கிறது மீதிப் பாதி.

புது மெஷின் வாங்கப் போறவங்களுக்கு மட்டும் என் கருத்து. ஃப்ரன்ட் லோட் துணிக்கு மென்மை, தண்ணியும் குறைவு. பட்ஜெட் இருந்தா அதையே எடுங்க. நல்லா ஓடிக்கிட்டிருக்கிற டாப் லோடை வித்துட்டு மாத்தாதீங்க. துணியைக் காப்பாத்துறேன்னு 30,000 செலவு பண்றது கணக்குல நிக்காது. எக்ஸ்டெண்டட் வாரன்ட்டிக்குக் கொடுக்கிற காசை, முடிஞ்சா ஒரு கிலோ பெரிய டிரம்முக்குக் கொடுங்க. நாலு பேர் வீட்ல இடம் இருந்தா யாரும் திணிக்க மாட்டோம். ஆவி, ஏ.ஐ., வைஃபைக்கெல்லாம் ஐயாயிரம் கூடக் கொடுக்கிறதுக்கு முன்னாடி, வீட்ல இப்போ இருக்கிற மெஷின்ல 'டெம்ப்', 'ஸ்பின்' பட்டனைக் கடைசியா எப்போ தொட்டீங்கன்னு யோசிங்க. நிறைய பேர் வாங்கின நாள்ல டெமோ ஆள் வெச்சுட்டுப் போன செட்டிங்லயே ஓட்டிக்கிட்டிருப்பீங்க. நானும் ஒரு வருஷத்துக்கு மேல அப்படித்தான் ஓட்டினேன்.

அம்மா புடவைங்க மறுபடி கூடைக்கு வர ரொம்ப நாள் ஆச்சு. முதல்ல பழைய பாலியஸ்டர் புடவை ஒண்ணு வந்தது, என்னைச் சோதிக்கிற மாதிரி. அப்புறம் ரெண்டு காட்டன் வந்தது. போன மாசம் புதுசா ஒரு சுங்குடி வாங்கினாங்க, அதே கருநீலம். முதல் ரெண்டு தடவை தானே தனியா அலசினாங்க. மூணாவது தடவை வலைப்பையில மடிச்சுப் போட்டு, மேல ஒரு வெள்ளைக் கைக்குட்டையை வெச்சு என் கையில கொடுத்தாங்க. கைக்குட்டை வெள்ளையாவே இருந்தது.

"தேய்ச்சுப் பார்த்துட்டேன். பச்சைத் தண்ணி, நானூறு. உன் ஜீன்ஸோட சேர்த்துப் போட்ட, அவ்வளவுதான்."

தனியாத்தான் போட்டேன்.